மஸ்டா எம்எக்ஸ்-5 மேனுவல்: இருவர் ஓட்டும் வீட்டுக்கு ஏற்ற ஸ்போர்ட்ஸ் காரா?

மேனுவல் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் பலரிடம் ஒரு தயக்கம் உண்டு. வண்டியைப் பார்த்துப் பார்த்துத் துடைப்பார்கள், டயர் காற்றைத் தவறாமல் சோதிப்பார்கள். கணவனோ மனைவியோ "நானும் ஒரு ரவுண்டு ஓட்டட்டுமா?" என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்கள். கிளட்ச் கருகிவிடும், கியர்பாக்ஸ் அரைபடும், அலாய் வீல் நடைபாதை விளிம்பில் உரசிவிடும் என்று பயம். இந்தப் பயத்தில் எவ்வளவு நியாயம் என்பது வண்டியைப் பொறுத்தது. மஸ்டா எம்எக்ஸ்-5 விஷயத்தில் பெரும்பகுதி வீண் பயம். நிஜமான ஆபத்து ஓரிரு இடங்களில் இருக்கிறது. பலர் கவலைப்படும் இடத்தில் அது இல்லை என்பதால்தான் இந்த விமர்சனம்.

எம்எக்ஸ்-5 இரண்டே சீட் உள்ள, கூரையைத் திறக்கக்கூடிய சின்ன ஸ்போர்ட்ஸ் கார். இங்கே எடுத்துக்கொள்வது நான்காம் தலைமுறை வண்டி, 2.0 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், ஆறு கியர் மேனுவல். குறிப்பாக 2019 மாடலில் எஞ்சினைத் திருத்திய பிறகு வந்தவை: அமெரிக்கக் கணக்கில் 181 எச்பி, 205 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்று விசை), 7,500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை) எல்லை. மஸ்டா இந்தியாவில் கார் விற்பதில்லை. ஆகவே பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் போன்ற, இந்த வண்டி கிடைக்கும் நாடுகளில் இருக்கும் நம்மவர்களுக்குத்தான் இது பயன்படும். வீட்டில் ஒருவர் மேனுவலில் கைதேர்ந்தவர், இன்னொருவர் ஆட்டோமேட்டிக்கிலேயே ஓட்டிப் பழகியவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் வண்டியின் நல்ல குணம். மேனுவல் மாடலின் எடை சுமார் 1,060 கிலோதான். முதல் கியர் விகிதம் 5.087, பின் அச்சு விகிதம் 2.866. இரண்டையும் பெருக்கினால் 14.6 வருகிறது. அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற எஞ்சின் பதினான்கரை முறைக்கு மேல் சுற்றுகிறது. லேசான வண்டி, வலுவான முதல் கியர் என்ற இந்தச் சேர்க்கையால் சமதளத்தில் ஆக்சிலரேட்டரைத் தொடாமலே கிளட்சை மெதுவாக விட்டால் வண்டி தானாக உருண்டு கிளம்பிவிடும். 17 அங்குல சக்கரத்தோடு ஐடில் வேகத்தில் மணிக்கு 6 கிமீ அளவில் ஊர்ந்துகொண்டே போகும். புதிதாகக் கற்பவருக்கு இதைவிட நல்ல உதவி கிடையாது. இடது காலுக்கு மட்டும் தனியாகப் பயிற்சி கொடுக்க முடிகிறது. வலது கால் சும்மா இருக்கலாம்.

கிளட்ச் பெடல் லேசானது. நெரிசலில் நின்று நின்று போனாலும் கால் வலிக்காது. இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. பெடல் லேசாக இருப்பதால் கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதைக் கால் உடனே உணர்வதில்லை. ஆட்டோமேட்டிக்கில் பழகியவர் முதல் அரை மணி நேரத்தில் பல முறை எஞ்சினை அணைத்துவிடுவார். அதனால் வண்டிக்குக் கெடுதல் எதுவும் இல்லை. எஞ்சின் அணைந்தால் கிளட்ச் தேய்வதில்லை, கியர் உடைவதில்லை. அணைந்துவிடுமோ என்று பயந்து 3,000 ஆர்பிஎம்முக்கு முறுக்கிக்கொண்டு கிளட்சைப் பாதியில் பிடித்து வைத்திருப்பதுதான் தேய்மானம், கருகல் வாடை எல்லாவற்றுக்கும் காரணம். "அணைஞ்சா பரவாயில்லை, திரும்ப ஸ்டார்ட் பண்ணிக்கலாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுவது கிளட்சுக்கு நீங்கள் செய்யும் பெரிய உபகாரம். நடுரோட்டில் அணைந்தால் வரிசை இது: பிரேக், கிளட்ச் முழுக்க உள்ளே, கியர் நியூட்ரல், ஸ்டார்ட் பட்டன். இதை வண்டி நின்றிருக்கும்போதே நாலைந்து முறை செய்து பார்த்துவிட்டால் பின்னால் யாராவது ஹார்ன் அடிக்கும்போது கை தடுமாறாது.

கியர்பாக்ஸ் அரைபடும் சத்தத்துக்கு எல்லோரும் ஓட்டுபவரின் கையைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் சீட். உயரமான ஒருவருக்காக வைத்திருந்த சீட்டை அரைகுறையாக முன்னே தள்ளிவிட்டு உயரம் குறைந்தவர் ஓட்டினால், கிளட்ச் முக்கால்வாசிதான் உள்ளே போகும். எஞ்சினும் கியர்பாக்ஸும் முழுதாகப் பிரியாது. அந்த நிலையில் கியர் போட்டால், கியர்களின் வேகத்தைப் பொருத்திவைக்கும் சின்க்ரோ வளையங்கள்தான் அடி வாங்கும். எம்எக்ஸ்-5இல் சீட் மெமரி கிடையாது, எல்லாம் கையால் நகர்த்துவது. ஆகவே ஒவ்வொரு முறை ஆள் மாறும்போதும் சீட்டையும் மூன்று கண்ணாடிகளையும் மாற்றியாக வேண்டும்.

சீட்டை அமைக்கும் முறை இது. இடுப்பைச் சீட்டின் மூலைவரை தள்ளி உட்கார வேண்டும். இடது காலால் கிளட்சைத் தரைவரை மிதித்துப் பிடித்துக்கொண்டு, அப்போதும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்கும் அளவுக்குச் சீட்டை முன்னே இழுக்க வேண்டும். பிறகு முதுகுச் சாய்வை நிமிர்த்தி, தோளைச் சீட்டிலிருந்து எடுக்காமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படிய வேண்டும். 2019க்கு முந்தைய வண்டிகளில் ஸ்டியரிங் மேலும் கீழும் மட்டுமே நகரும். முன்னும் பின்னும் இழுக்கும் வசதி 2019 மாடலில்தான் வந்தது. உயரத்தில் பெரிய வித்தியாசம் உள்ள ஜோடிகள் இந்த ஒரு காரணத்துக்காகவே 2019க்குப் பிந்தைய வண்டியைத் தேடலாம். ஆறடிக்கு மேல் இருப்பவர் கூரையை மூடிய நிலையில் உட்கார்ந்து பார்க்காமல் வாங்கவே கூடாது. இருவருக்கும் பொருந்தும் இடம் கிடைத்ததும் சீட் தண்டவாளத்தின் ஓரத்தில் இரண்டு நிறத்தில் சின்ன டேப் ஒட்டிவையுங்கள். அடுத்த முறை பத்து வினாடியில் வேலை முடியும்.

காலணியும் முக்கியம். ஆக்சிலரேட்டர் பெடல் கீழே தரையில் கீல் வைத்தது, குதிகாலைத் தரையில் ஊன்றி ஓட்டுவதற்காக அமைத்தது. பெடல்கள் நெருக்கமாக இருக்கும். அகலமான அடிப்பாகம் உள்ள ஓட்டப்பயிற்சி ஷூ போட்டால் பிரேக்கோடு ஆக்சிலரேட்டரும் சேர்ந்து மிதிபடும். ஹீல்ஸும் செருப்பும் வேண்டாம். மெல்லிய, தட்டையான அடி உள்ள ஷூ ஒரு ஜோடியை வண்டியிலேயே வைத்துவிடலாம்.

இனி நிஜமான ஆபத்து. மேல் கியருக்குப் போக நினைத்துத் தவறிக் கீழ் கியரில் போட்டுவிடுவதுதான் அது. எம்எக்ஸ்-5இன் கியர் லீவர் குட்டையானது. ஒரு கியரிலிருந்து இன்னொன்றுக்கு மணிக்கட்டு அசைவு போதும். கை பழகியவருக்கு அதுதான் இந்தக் காரின் பெரிய இன்பம். இடது வரிசையில் ஒன்று, இரண்டு, நடுவில் மூன்று, நான்கு, வலதில் ஐந்து, ஆறு. பழகாதவருக்கு இந்த வரிசைகள் மிக அருகருகே இருக்கின்றன. மூன்றாவது கியரில் மணிக்கு 130 கிமீ வேகத்தில் எஞ்சின் சுமார் 6,500 ஆர்பிஎம்மில் சுற்றும். அங்கிருந்து நான்காவதுக்குப் பதில் இரண்டாவது விழுந்தால், கிளட்சை விட்ட கணத்தில் சக்கரங்கள் எஞ்சினைச் சுமார் 9,600க்கு இழுத்துவிடும். எல்லை 7,500. எஞ்சின் எல்லையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் ரெவ் லிமிட்டர் இருக்கிறதே என்று நினைக்கலாம். அது எரிபொருளைத்தான் நிறுத்தும். சக்கரம் எஞ்சினைச் சுழற்றுவதைத் தடுக்க அதனால் முடியாது. வால்வு பிஸ்டனில் மோதுவது, பேரிங் போவது, கிளட்ச் தட்டு சிதறுவது என்று ஒரே விநாடியில் எஞ்சின் விலைக்குச் செலவு வந்து நிற்கும்.

இந்தத் தவறு எந்தக் கியரில் நடக்கும் என்பது ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து மாறும். கனடா, அமெரிக்கா போல ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தால் வலது கையால் கியர் போடுகிறோம். பதற்றத்தில் கை உடம்பை நோக்கி இழுக்கும். லீவர் இடப்பக்கம் சாயும். மூன்றிலிருந்து நான்குக்குப் போக வேண்டியது இரண்டில் விழும். பிரிட்டன், சிங்கப்பூர், ஆஸ்திரேலியாவில் இடது கையால் போடுவதால் அதே பதற்றம் லீவரை ஆறாவதுக்கு இழுக்கும். வண்டி திணறும், கெடுதல் இல்லை. அங்கே கவனிக்க வேண்டியது ஐந்திலிருந்து நான்குக்கு இறங்கும்போது. கையை வெளியே தள்ளிவிடும் வேகத்தில் லீவர் நான்கைத் தாண்டி இரண்டுக்குப் போய்விடலாம். 110 கிமீ வேகத்தில் அப்படி விழுந்தால் 8,100 ஆர்பிஎம்.

தடுக்க இரண்டு பழக்கம் போதும். லீவரை இறுகப் பிடிக்கக் கூடாது. நியூட்ரலில் விட்டால் ஸ்பிரிங் லீவரைத் தானாகவே மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் கொண்டுவந்து நிறுத்தும். ஆகவே மூன்றிலிருந்து நான்குக்கு இரண்டு விரல் நுனியால் நேராகப் பின்னே இழுத்தால் போதும், பக்கவாட்டில் அழுத்தமே வேண்டாம். ஒன்று, இரண்டுக்கு மட்டும் இடப்பக்கம் அழுத்தம், ஐந்து, ஆறுக்கு மட்டும் வலப்பக்கம். இரண்டாவது பழக்கம், கியர் மாற்றிய பின் கிளட்சை வெடுக்கென்று விடாமல் ஒரு மூச்சு நேரத்தில் விடுவது. தப்பான கியர் என்றால் வண்டி பின்னிழுப்பது முதுகுக்குத் தெரியும். உடனே மறுபடி மிதித்துவிடலாம்.

அதோடு ஒரு எல்லை வைத்துக்கொள்ளுங்கள். கை பழகும் வரை எந்தக் கியரிலும் 4,000 ஆர்பிஎம்மைத் தாண்டுவதில்லை, 100 கிமீ வேகத்துக்கு மேல் இருக்கும்போது கியர் குறைப்பதில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டாவது கியரில் 4,000 என்றால் வேகம் 54 கிமீ. மூன்றுக்குப் பதில் ஒன்று விழுந்தாலும் 6,800தான் வரும். மூன்றாவதில் 4,000 என்றால் 80 கிமீ. இரண்டு விழுந்தாலும் 5,900. 100 கிமீ வேகத்தில் ஐந்திலிருந்து இறங்கும்போது இரண்டு விழுந்தால் 7,400க்குச் சற்றுக் கீழே. எல்லாமே 7,500க்குள் அடங்கிவிடுகின்றன. இந்தத் தவறுகளில் எது நடந்தாலும் எஞ்சின் பிழைக்கும் என்ற நிலையில் பக்கத்தில் உட்காருபவருக்கும் பதற்றம் இருக்காது. 2016 முதல் 2018 வரையிலான 2.0 லிட்டர் வண்டிகளின் எல்லை 6,800 என்பதால் அவற்றுக்கு 3,500 ஆர்பிஎம், 90 கிமீ என்று வைத்துக்கொள்வது நல்லது.

மறுகோடியில், ஆட்டோமேட்டிக்கில் பழகியவர்கள் எஞ்சினைப் போதிய அளவு சுற்றவிடாமல் சீக்கிரமே மேல் கியருக்குப் போய்விடுவார்கள். ஆறாவது கியரில் 1,000 ஆர்பிஎம்முக்கு 40 கிமீ வேகம். அதாவது 50 கிமீ வேகத்தில் ஆறாவது போட்டால் எஞ்சின் முனகும். 40 கிமீ வரும்போது மூன்று, 50இல் நான்கு, 65இல் ஐந்து, 80இல் ஆறு என்று வைத்தால் ஒவ்வொரு கியரிலும் 2,000 ஆர்பிஎம் அளவில் இறங்கும். ஊருக்குள் ஓட்ட இதுவே சரி.

ரிவர்ஸுக்கு லீவரைக் கீழே அழுத்தி, இடப்பக்கம் தள்ளி, முன்னே போட வேண்டும். முதல் கியருக்கு அடுத்த இடம். தவறி விழ வாய்ப்பில்லாத நல்ல ஏற்பாடு. குளிர்காலக் காலை நேரத்தில் ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது லீவர் சற்று முரண்டு பிடிக்கும். கியர் ஆயில் சூடாகும் வரை எம்எக்ஸ்-5களில் இது வழக்கம். அழுத்தித் திணிக்கக் கூடாது. நியூட்ரலில் ஒரு கணம் நிறுத்திப் பிறகு இரண்டைப் போட்டால் வழுக்கிக்கொண்டு விழும். புதிதாக ஓட்டுபவர் இதைத் தன் தவறு என்று நினைத்துவிடுவார். முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

மேட்டில் நின்று கிளம்புவது பலருக்கும் பெரிய தலைவலி. மஸ்டாவின் ஹில் லாஞ்ச் அசிஸ்ட் பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் சுமார் 2 வினாடி வண்டியைப் பிடித்துவைக்கும். அதற்குள் கிளட்ச் பிடிக்கவில்லை என்றால் வண்டி பின்னால் உருளும். அதனால் கை பிரேக் முறையையும் கற்றுக்கொடுக்க வேண்டும். இந்தக் காரில் இருப்பது பழையபடி இழுக்கும் கை பிரேக் லீவர். கற்பவருக்கு அது வரம். லீவரை இழுத்துப் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கிளட்சை விட விட வண்டியின் பின்பக்கம் லேசாக அமுங்குவதை உணர்ந்ததும் லீவரை இறக்கினால் ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகாது. செய்யக் கூடாதது, சிக்னலில் மேட்டில் நிற்கும்போது கிளட்சைப் பாதி பிடித்து வண்டியை நிறுத்தி வைப்பது.

சொல்லிக்கொடுப்பவருக்கும் ஒரு வார்த்தை. காலி பார்க்கிங் இடம், இருபது நிமிடம், பிறகு ஓய்வு. அதற்கு மேல் இடது கால் சோர்ந்துவிடும், தவறுகள் கூடும். ஒரு நேரத்தில் ஒரே கட்டளை. "காலை எடு" என்றால் எந்தக் காலை என்று ஓட்டுபவர் குழம்புவார். "கிளட்ச், மெதுவா மேலே" என்றால் குழப்பம் இல்லை. வண்டி குலுங்கும்போது ஸ்டியரிங்கைப் பிடிக்கப் பாய்வது, மூச்சை இழுத்துக்கொள்வது, டாஷ்போர்டைப் பற்றிக்கொள்வது எல்லாம் ஓட்டுபவரின் நம்பிக்கையைக் குலைக்கும். உங்கள் காருக்கு நீங்கள் காட்டும் அக்கறையைவிடப் பக்கத்தில் இருக்கும் மனிதருக்குக் காட்டும் மரியாதை குறைந்துவிட்டால் அந்தப் பாடம் அங்கேயே முடிந்துவிட்டது. இந்த நிதானம் தனக்கு வராது என்று தெரிந்தவர்கள் ஒரு மேனுவல் டிரைவிங் பள்ளியில் இரண்டு மூன்று வகுப்புக்குப் பணம் கட்டிவிடுவதே நல்லது. அந்தச் செலவு ஒரு அலாய் வீலைச் சீர்செய்யும் செலவுக்கு அருகில்தான் வரும்.

பார்வை விஷயத்தில் முன்பக்கம் அருமை. முன் சக்கரங்களுக்கு மேலே பானட் புடைத்திருப்பது சீட்டிலிருந்தே தெரிவதால் சக்கரம் எங்கே இருக்கிறது என்று கணிப்பது எளிது. நீளம் 3,915 மிமீ, அகலம் 1,735 மிமீ. சிறிய ஹேட்ச்பேக் அளவுதான். கூரையை மூடினால் பின் பக்கவாட்டு மறைபகுதி பெரிது. முதல் சில நாட்கள் கூரையைத் திறந்தே பழகட்டும். துணிக் கூரை மாடலில் நடுவில் உள்ள ஒரே கொக்கியை விடுவித்து உட்கார்ந்தபடியே பின்னால் தள்ளிவிடலாம். பார்க்கிங்கில் முன் பம்பரின் கீழ் விளிம்பு உயரமான நடைபாதைக் கல்லில் இடிக்கும். ஒரு அடி முன்னாலேயே நிறுத்தச் சொல்லுங்கள்.

பின் சக்கர உந்துதல் என்றதும் மழையில் சுழன்றுவிடும் என்று பயப்படுவார்கள். வண்டி வழுக்கினால் தானே பிரேக் போட்டு நேராக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இயக்கத்தில் இருக்கும் வரை, நல்ல டயர் இருக்கும் வரை, இந்த வண்டி யாரையும் திடுக்கிட வைப்பதில்லை. கோடை டயர்கள் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகிப் பிடிப்பை இழக்கும். அந்த மாதங்களில் குளிர்கால டயர் இல்லாமல் புதியவரிடம் சாவி கொடுக்க வேண்டாம். ஈர வளைவின் நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடுவதுதான் வால் பகுதியை லேசாக்கி வழுக்கவைக்கும். வேகத்தை வளைவுக்கு முன்பே நேர்ச்சாலையில் குறைத்துவிடும் பழக்கம் வந்துவிட்டால் பிறகு கவலை இல்லை.

உரிமமும் காப்பீடும் முதலில் பார்க்க வேண்டியவை. பிரிட்டனில் ஆட்டோமேட்டிக்கில் தேர்வெழுதியவரின் உரிமத்தில் 78 என்ற குறியீடு இருக்கும். அவர் மேனுவலைத் தனியாக ஓட்ட முடியாது, கற்பவராகத்தான் ஓட்டலாம். சிங்கப்பூரில் 3ஏ வகுப்பு ஆட்டோமேட்டிக்குக்கு மட்டும். மேனுவலுக்கு 3ஆம் வகுப்பு உரிமம் வேண்டும். காப்பீட்டில் துணையின் பெயரைச் சேர்த்த பிறகே பொதுச்சாலை.

போட்டி வண்டிகளோடு ஒப்பிட்டால் ஒரு குறை உண்டு. ஹோண்டா சிவிக் டைப் ஆர், நிசான் இசட் போன்றவற்றில் கியர் குறைக்கும்போது எஞ்சின் வேகத்தைத் தானே பொருத்திக்கொள்ளும் வசதி உண்டு. எம்எக்ஸ்-5இல் இல்லை. புதியவர் கியர் குறைக்கும் ஒவ்வொரு முறையும் வண்டி ஒரு குலுக்கு குலுக்கும். ஆனால் அந்தக் கார்களின் சக்தி கற்பவருக்கு மிக அதிகம். டொயோட்டா ஜிஆர்86 நல்ல வண்டி, பின்னால் பெயருக்காவது இரண்டு சீட் உண்டு. மேனுவலை முதன்முதலாகக் கற்பதற்கு எம்எக்ஸ்-5இன் லேசான உடலும் கிளட்சும்தான் எனக்கு முதல் தேர்வு.

பழைய வண்டி வாங்குபவர்கள் 2016, 2017 மாடல்களில் கியர்பாக்ஸ் உடைந்த புகார்கள் வந்ததையும், பிறகு மஸ்டா உள்பாகங்களைத் திருத்தியதையும் நினைவில் வைக்க வேண்டும். கிளட்ச் மாற்றுவது தட்டின் விலையோடு முடிவதில்லை. எம்எக்ஸ்-5இல் கியர்பாக்ஸையும், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலையும் இணைக்கும் நீண்ட அலுமினியச் சட்டம் ஒன்று உண்டு. அதையும் கழற்றி, திரும்ப மாட்டும்போது சரியான கோணத்தில் பொருத்த வேண்டும். கூலிதான் அதிகம். ஆகவே வாங்கும்முன் இரண்டு சோதனை. வண்டி குளிர்ந்திருக்கும்போது இரண்டாவது, மூன்றாவது கியர்களை ஏற்றியும் இறக்கியும் பாருங்கள். உரசல் சத்தம் கேட்டால் விலகிவிடுங்கள். சூடான பிறகு ஆறாவது கியரில் 70 கிமீ வேகத்தில் ஆக்சிலரேட்டரைத் தரைவரை மிதியுங்கள். ஆர்பிஎம் முள்ளும் வேகமும் சேர்ந்தே ஏற வேண்டும். முள் முந்திக்கொண்டு தாவினால் கிளட்ச் வழுக்குகிறது என்று அர்த்தம். அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். புதிய கிளட்ச் போட்ட பிறகே இருவரும் பழகத் தொடங்குங்கள்.